மழையும் அனத்யயனமும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் ஓரிக்கை. காஞ்சியின் திருவெஃகாவிலிருந்து நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே பாம்பணையில் கிடக்கும் பெருமாள் ஒரு நாள் எழுந்து வந்து இரவு தங்கிவிட்டுப் போன ஊர் இது. ஓர் இரவு இருந்ததால்தான் இந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று பஸ் டிப்போ, மாநகராட்சி வார்டு, புது மனைப் பிரிவுகள் என்று ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஆனாலும் தை மகத்தையொட்டி திருமழிசையாழ்வாரோடும் அவர் சீடர் கணிகண்ணனோடும் பெருமாள் இங்கே எழுந்தருளும்போது, பழைய குடும்பங்கள் எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடும்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். திருமழிசையாழ்வார் திருவெஃகாவில் தங்கியிருந்த காலம். அவர் இருந்த இடத்தைத் தினமும் பெருக்கி மெழுகிக் கோலமிட்டுவந்த கிழவிக்கு அவர் இளமையைத் திருப்பித் தந்தார். அந்தப் பெண்ணைப் பல்லவ அரசன் மணந்துகொண்டான். அவள் அப்படியே இருக்க, தனக்கு மட்டும் வயதாவதைப் பார்த்த அரசன், ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைக் கூப்பிட்டு, உன் குருவை அழைத்து வா என்றான். அவர் யார் வாசலுக்கும் வரமாட்டார் என்றார் கணிகண்ணன். அப்படியானால் நீயே என்மேல் ஒரு பாட்டுப் பாடு என்றான். மனிதரைப் பாடமாட்டேன் என்று மறுத்ததும் ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடர் கிளம்பினார். குருவும் கிளம்பினார். கிளம்பும்முன் சந்நிதிக்குப் போய், நாங்கள் போகிறோம், உனக்கு மட்டும் இங்கே என்ன வேலை, நீயும் படுக்கையை எடுத்துக்கொண்டு வந்துவிடு என்றார். பெருமாளும் எழுந்து பின்னால் நடந்தார். காஞ்சி இருண்டது. அரசன் ஓடிவந்து கணிகண்ணன் காலில் விழ, கணிகண்ணன் ஆழ்வாரிடம் சொல்ல, ஆழ்வார் பெருமாளிடம் சொல்ல, எல்லாரும் திரும்பினார்கள். போ என்றால் போய், வா என்றால் வந்து, படு என்றால் படுத்ததால் அவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். யதோக்தகாரி என்று வடமொழியில் சொல்வார்கள். திரும்பி வந்து படுத்ததற்கு அடையாளமாக, மற்றத் தலங்களில் பள்ளிகொள்ளும் திசைக்கு மாறாகத் தலைவைத்துக் கிடக்கிறார்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அப்பா. அவர் கூலிக்குப் பட்டு நெய்தவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் திருமழிசையாழ்வார் பாடிய இரண்டு நூல்களும் அவருக்கு மனப்பாடம். திருச்சந்த விருத்தம் 120 பாட்டு, நான்முகன் திருவந்தாதி 96 பாட்டு, ஆக 216. கல்யாணமாவதற்கு முன்பு, தறி வேலை முடிந்த பிறகு, கோயிலில் பாசுரம் ஓதும் வயதான அத்யாபகர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சந்தை கேட்டுக் கற்றுக்கொண்டாராம். சந்தை என்பது பாடம் சொல்லும் முறை. குரு ஓர் அடியை ஒருமுறை சொல்வார், சிஷ்யன் இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. தவறினால் பாட்டின் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பெரியவர் அப்பாவிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. "நெய்யறவன் கையால ஒரு துண்டு கொடு, போதும்" என்றாராம். அப்பா ஒரு பட்டுத் துண்டு நெய்துகொண்டுபோய்க் கொடுத்ததையும், அதை அவர் போர்த்திக்கொள்ளாமல் பெருமாளுக்குக் கொடுத்துவிட்டதையும் எங்கள் வீட்டில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர் பாசுரம் சொல்வது பெரும்பாலும் தறியில்தான். எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. தரையில் வெட்டிய குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்க வேண்டும். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வந்தால் கோர்வை போட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. ஒரு பக்கக் கரைக்கு நாடாவை எடுத்து விட இன்னோர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன்பும் வந்த பின்பும் அந்த இன்னோர் ஆள் நான். மூன்று நாடா ஓடும். கரையின் இழையும் உடலின் இழையும் ஒவ்வொரு ஊடைக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி தவறினால் அங்கே ஓட்டை விழும். கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப முடியாது. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதில்தான் அப்பா பாசுரத்தை ஊற்றினார்.

திருச்சந்த விருத்தத்தின் சந்தம் தறியின் ஓசையோடு அப்படியே இசைந்து போகும். பலகை அடிக்கிற அடி, நாடா ஓடுகிற ஓட்டம், நடுவில் ஒரு மிதி. இதற்கு மேல் அப்பாவின் குரல். முதல் பாட்டே எண்ணிக்கைதான். நிலத்துக்கு ஐந்து குணம், நீருக்கு நான்கு, நெருப்புக்கு மூன்று, காற்றுக்கு இரண்டு, வானத்துக்கு ஒன்று. அத்தனையாகவும் நிற்பவன் நீ, உன்னை யார் நினைக்க வல்லார் என்று கேட்கிறார் ஆழ்வார். எனக்கு அப்போது பொருள் ஒன்றும் விளங்கவில்லை. எண்கள் மட்டும் பிடித்திருந்தன. இழை எண்ணிப் பழகின பிள்ளைக்கு எண்ணோடு வருகிற பாட்டு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். யாரும் எனக்குச் சந்தை சொல்லவில்லை. கோர்வை போட்டுக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. நானாகச் சொல்வதை முதல் தடவை கேட்ட அன்று அப்பா நாடாவை நிறுத்திவிட்டார். "மறுபடி சொல்லு பாப்பா" என்றார். சொன்னேன். எங்கே மூச்சு விட வேண்டும் என்பதை மட்டும் திருத்தினார். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று தெருவில் ஒருவர் கேட்டபோது, "அது வாயில வந்துடுச்சு, நான் என்ன புடுங்கியா எடுக்க முடியும்?" என்றார்.

நான்முகன் திருவந்தாதி வேறு மாதிரி. ஒரு பாட்டின் முடிவில் வரும் சொல் அடுத்த பாட்டுக்குத் தொடக்கம். ஒரு சேலைப் பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. அம்மா அதில் கைதேர்ந்தவள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓடுவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. முடிவைப் பிடித்துக்கொண்டால் தொடக்கம் கைக்கு வந்துவிடும், அந்தாதியும் அப்படித்தான் என்பார் அப்பா.

திருமழிசையாழ்வார்மேல் அப்பாவுக்கு இருந்த பிடிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. மூங்கில் புதரடியில் கிடந்த குழந்தையைப் பிரம்பு அறுக்கப்போன திருவாளனும் பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தார்கள். வளர்ந்த பிள்ளை பெரும்புலியூர் வழியாகப் போனபோது, திண்ணையில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் இவரைக் கண்டதும் ஓதுவதை நிறுத்திவிட்டார்கள். இவர் விலகிப் போனதும் மறுபடி தொடங்கப் பார்த்தால் விட்ட இடம் ஒருவருக்கும் நினைவில்லை. ஆழ்வார் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் கிடந்த கருப்பு நெல் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். விட்ட வரியில் அந்த நெல்லைப் பற்றித்தான் வருகிறது. எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது. இந்த இடத்துக்கு வரும்போது அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார். "தெரியாதுன்னு நினைச்சாங்க பாரு, அவருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. ஆனா அவங்க நிறுத்தினதுக்காக வேதத்தை அவர் விட்டாரா?" என்பார். கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டிக்குப் பின்னால் நின்று, உதடு மட்டும் அசையத் தானும் சேவித்துவந்த மனிதர் அவர். அவமதித்தவர்களுக்காக நூலைக் கைவிடக் கூடாது என்பது அவர் ஆழ்வாரிடம் கற்ற முதல் பாடம் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப்பட்டவர் வருஷத்தில் சில வாரங்கள் வாயை மூடிக்கொள்வார். அதுதான் அனத்யயன காலம். திருக்கார்த்திகைக்குப் பிறகு, அத்யயன உற்சவத்தில் பகல்பத்து, இராப்பத்து என்று ஆழ்வார்களின் பாடல்கள் முறையாகத் தொடங்கும்வரை அந்தப் பாடல்களின் தொகுப்பான பிரபந்தத்தைச் சேவிப்பதில்லை. கோயிலில் உற்சவம் நடந்து முடிந்த பிறகுதான் வீடுகளிலும் மறுபடி சொல்வார்கள். மார்கழியில் திருப்பாவைக்கும் திருப்பள்ளியெழுச்சிக்கும் மட்டும் விலக்கு உண்டு. அந்த நாட்களில் ஆச்சாரியர்களின் நூல்களை வைத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு அவை அதிகம் தெரியாது. விடியற்காலையில் திருப்பாவை சொல்வார். அதற்குப் பிறகு பேச்சே இருக்காது. வீடு வேறொரு வீடாகிவிடும்.

அந்தக் காலம் நெசவாளிக்கு வேறு விதத்திலும் கெட்ட காலம். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை, மார்கழிவரை விடாது. பாலாற்றுக் கரை என்பதால் கொஞ்சம் அடித்துப் பெய்தாலே தறிக்குழியில் ஊற்று எடுக்கும். காலைத் தொங்கவிடுகிற இடத்தில் முழங்கால் மட்டும் தண்ணீர். பித்தளைக் குடத்தால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்போம். விடிந்தால் மறுபடி நிறைந்திருக்கும். ஈரத்தில் பட்டு இழை நமத்துவிடும். விழுது சரியாக இழுக்காது. ஜரிகை கறுத்துவிடுமோ என்ற பயம் தனி. தறி நின்றால் கூலி இல்லை. பாவும் ஜரிகையும் முதலாளியுடையது. அதற்கு மேல் முன்பணம் வாங்கியிருப்போம். அது வேறு தலைமேல் நிற்கும்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம் மழை நிற்கவேயில்லை. பாதி நெய்த சேலை தறியில் இருந்தது. அரக்குக் கரை, மாம்பழ நிற உடல். குழியில் ஊறிய தண்ணீர் ஒரு ராத்திரியில் மேலே வந்து, சுற்றி வைத்திருந்த பாகத்தைத் தொட்டுவிட்டது. அரக்குச் சாயம் மஞ்சளில் இறங்கியிருந்தது. ஒரு சாணுக்கு மேல் கறை. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலாளி வந்து பார்த்தார், கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

அன்று ராத்திரி அம்மா கேட்டாள். "ஏங்க, ஆழ்வார் வான்னதும் வந்தாரே அந்தப் பெருமாள், இந்த ஊருக்குத்தானே வந்தாரு. தினமும் அவர் பாட்டைத்தானே சொல்றீங்க. இப்ப சொல்லிக் கேட்டா என்ன?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்ப அனத்யயனம்" என்றார்.

"பிள்ளைங்க பசிக்கு அனத்யயனம் உண்டா?"

அம்மா அப்படிப் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. "ஆழ்வார் என்ன கேட்டாரு சொல்லு" என்றார். "ராஜாவுக்குத் தண்டனை கொடுன்னாரா? போகச் சொன்ன உத்தரவை மாத்துன்னாரா? இல்லையே. நாங்க போறோம், நீயும் கூட வான்னாரு. அவ்வளவுதான். நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்குப் பாட்டு வேணாம். பாட்டை இப்பச் சொன்னேன்னா, அது கூலிக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்."

எத்தனையோ பேர் இந்தக் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெருமாள் பாம்பணையோடு எழுந்து வந்த அதிசயத்தைச் சொல்வார்கள், அரசனின் அகந்தை அடங்கியதைச் சொல்வார்கள். ஆழ்வார் கேட்டது துணையை மட்டும் என்பதைத் தறிக்குழியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒருவர் சொல்லித்தான் நான் கேட்டேன். அதுவும் எந்த நேரத்தில்? அந்த நூலைச் சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்று தெரிந்தும், நூலின் ஒழுங்குக்காகச் சொல்லாமல் இருந்த நேரத்தில்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. கறைபட்ட சேலைக்கான பணத்தைக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தார்கள். அந்தக் கடன் என் பத்தாம் வகுப்புப் பரீட்சைவரை வந்தது. மழை நின்றது, குழி காய்ந்தது, கோயிலில் உற்சவம் முடிந்து பிரபந்தம் மறுபடி தொடங்கியது. முதல் நாள் விடிகாலையில் அப்பா தறியில் உட்கார்ந்து எண்ணிக்கைப் பாட்டை எடுத்தபோது, அடுக்களையில் அம்மா பாத்திரச் சத்தத்தை நிறுத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மாவுக்குப் பாட்டு ஒன்றும் தெரியாது. விளக்கேற்றிக் கையெடுத்துக் கும்பிடுவாள். "உங்கப்பாவுக்குப் பாட்டு தெரியும், எனக்கு அவனைத் தெரியும்" என்பாள். அவளுடைய பக்தியைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாயில்லை. அப்பாவின் சாய்மானம் அவளுடையதைவிட உயர்ந்தது என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. துன்பம் நீளும்போது நம் சொந்தச் சொல் மெல்ல மெல்லப் புகாராகிவிடும். ஏன் எனக்கு, எதற்காக இப்படி என்று அதையே சுற்றிச் சுற்றி வரும். அப்போது நமக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவைத்த சொல் ஒன்று மனத்தில் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அப்பா நின்றார். அம்மாவுக்கு அது இல்லாததால் அவள் அதிகம் அழுதாள். ஒவ்வொரு முறையும் அழுது தீர்த்த பிறகுதான் விளக்கின் முன் வந்து உட்காருவாள்.

பின்னாளில் நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இறைவனிடம் அடைக்கலம் புகும் சரணாகதிக்கு அங்கங்கள் ஐந்து என்று படித்தேன். பெருமாள் உகக்கும் வழியில் நடப்பேன் என்ற உறுதி, அவன் உகக்காததை விடுவது, எனக்கு வேறு கதியில்லை என்ற எளிமை, காப்பான் என்ற பெருநம்பிக்கை, காத்தருள் என்று கேட்டு நிற்பது. இவற்றை விரித்து எழுதிய வேதாந்த தேசிகர் 1268இல் பிறந்த தூப்புல், திருவெஃகாவை அடுத்தே இருக்கிறது. இந்த ஐந்தில் நம்பிக்கை தனியாக நிற்கவில்லை. அதற்கு முன்பே நடத்தை வந்துவிடுகிறது. அவன் உகப்பது எது என்று நமக்கு எப்படித் தெரியும்? சாஸ்திரம் சொல்லித்தான் தெரியும். நூலை விட்டுவிட்டு நம்புகிறேன் என்றால் எதை நம்புகிறோம் என்பதே மங்கிவிடும். நம்பிக்கையை விட்டுவிட்டு நூலை மட்டும் வைத்துக்கொண்டால், திண்ணையில் ஆழ்வாரைக் கண்டு ஓதலை நிறுத்தினார்களே, அவர்களைப்போல் ஆகிவிடுவோம். அப்பாவுக்கு இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்காரு, நம்ம பக்கத்து ஊருக்காரரு" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய மரியாதை தன் நூலோடு நின்றுவிடவில்லை. பழைய ஜரிகை வாங்கி உருக்கும் பாய் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். அவர் மகன் மதரஸாவில் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாபிழ் ஆனான் என்று கேள்விப்பட்டதும், அப்பா அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வரவழைத்தார். 114 அத்தியாயம், ஆறாயிரத்துக்கும் மேல் வசனம் என்று பையன் சொன்னான். எப்படிப் பாடம் ஏற்றினார்கள், தவறினால் என்ன செய்வார்கள், பழைய பாடத்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை திருப்புவாய் என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்டார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் கேட்கிற மாதிரி இருந்தது. கடைசியில், "விட்டுடாதே தம்பி, ஒரு நாள் விட்டாலும் அது நம்மளை விட்டுடும்" என்றார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓரிக்கையில் இன்று வெளியூர்க்காரர்கள் தேடி வருவது மகா பெரியவர் மணிமண்டபத்துக்கு. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளுக்காக முழுக்கக் கருங்கல்லில் எழுப்பிய அதற்கு 2011இல் கும்பாபிஷேகம் நடந்தது. 1894இல் பிறந்து 1994இல் மறைந்த அவர், தம் கடைசிக் காலம்வரை வேதம் ஓதுகிறவர்கள் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே பாடுபட்டவர். மண்டபத்தில் வேத பாராயணம் நடக்கும் நாட்களில் அப்பா கோலை ஊன்றிக்கொண்டு போய்த் தூணோரம் உட்காருவார். சின்னச் சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே சொல்லை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். "புரியுதாப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன். "தப்பு விட்டா ஒருத்தன் இன்னொருத்தனைத் திருத்தறான் பாரு, அது புரியுது" என்றார்.

எனக்கே சோதனை வந்தபோதுதான் அப்பா எனக்குக் கொடுத்தது என்ன என்று தெரிந்தது. என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். உள்ளே விடமாட்டார்கள். வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. பெருமாளிடம் பேரம் பேசத் தொடங்கினேன். இதைச் செய்கிறேன், அதை விடுகிறேன், இவரை மட்டும் கொடுத்துவிடு என்று. பேசப் பேச நெஞ்சு படபடத்ததே தவிர ஆறவில்லை. நடுராத்திரியில் என்னையறியாமல் அந்தாதி வாயில் வந்தது. முதல் பாட்டின் முடிவு அடுத்த பாட்டை இழுத்தது, அது அதற்கடுத்ததை. எதையும் கேட்கிற பாட்டுகள் இல்லை அவை. நீ யார், நான் யாருடையவன் என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறவை. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என்ன மந்திரம் என்று கேட்டார். எங்கள் ஊர் ஆழ்வார் பாடியது என்றேன். "சத்தமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். விடியும்போது அங்கே காத்திருந்தவர்களில் சிலர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்திருந்தார்கள்.

கணவர் பிழைத்து வந்தார். அந்த அம்மாளின் மகன் பிழைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாசுரம் சொன்னதால் ஒருவர் பிழைத்தார் என்று எழுதினால் அது அந்தத் தாய்க்குச் செய்கிற துரோகம். மகனை எடுத்துப்போன அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு ராத்திரி நான் தனியா இல்லம்மா" என்றார். ஆழ்வார் கேட்டதும் அதுதானே. ஊரை விட்டுப் போகிற நடை அவருக்கும் மிச்சமாகவில்லை. கூட ஒருவன் நடந்தான்.

அப்பாவுக்குக் கடைசி வருஷங்களில் பார்வை மங்கிவிட்டது. நெசவாளிகளுக்கு இது புதிதல்ல. தறியைப் பிரித்துக் குழியை மண் போட்டு மூடிய பிறகு, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளுக்குச் சந்தை சொன்னார். ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். டியூஷன், டிவி என்று பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். நின்றவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. மிஞ்சியவர்களுக்கு 216 பாட்டையும் சொல்லி முடித்தார். அவர்களில் ஒரு பெண் இப்போது மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். தை மகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறாள். அனத்யயன காலத்தில் அவள் பிரபந்தம் சொல்வதில்லை என்று அவள் அம்மா என்னிடம் சொன்னபோது, அப்பா இருந்து கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.

அந்தப் பாட்டுகள் எங்களிடம் வந்துசேர்ந்த வழி நீளமானது. திருவெஃகா பழைய தலம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையிலேயே அங்கே பள்ளிகொண்ட பெருமாளைப் பற்றி வருகிறது. பொய்கையாழ்வார் பிறந்ததும் அங்கேதான். திருமழிசையாழ்வார் தம் ஏடுகளைக் காவிரியில் விட்டபோது, இந்த இரண்டு நூல்கள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்துத் திரும்பி வந்தன என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. அப்படிக் கரையேறிய ஏட்டை யாரோ எடுத்தார்கள், யாரோ மனப்பாடம் செய்தார்கள், நாதமுனிகள் தொகுத்தார், பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதினார், ஒரு திண்ணையில் ஒரு பெரியவர் ஒரு நெசவாளிக்குச் சொன்னார். அச்சுப் புத்தகம் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது, கைபேசியிலும் இருக்கிறது. குரலோடு, மூச்சு விடும் இடத்தோடு, எங்கே நிறுத்தக் கூடாது என்ற கண்டிப்போடு அதைச் சொல்கிறவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் எந்த நூலைச் சொல்கிறவராக இருந்தாலும் சரி, இந்த வாரமே போய் எதிரில் உட்காருங்கள். பொருள் பிறகு விளங்கும். முதலில் ஒரு பாட்டைக் கேட்டு, இருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.